பொடக்காணிக் குப்பையும் தென்னை வண்டும்

கோவை, பொள்ளாச்சிப் பகுதிகளில் சொந்த வீடு கட்டுவோர் கிணற்றடியிலோ சுவரோரத்திலோ இரண்டு தென்னங்கன்றுகளை நட்டுவிடுகின்றனர். வளர்ந்த தென்னை ஏறக்குறைய மாதம் ஒரு மட்டையை உதிர்க்கும். இரண்டு மரங்களில் ஆண்டுக்கு 24 மட்டைகள் சேர்ந்துவிடும். பாளை, பன்னாடை, மாஞ்சருகு, முருங்கைக் கிளை, களை ஆகியவை தனி. இவை யாவும் பொடக்காணி மூலையில் ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடப்பதைப் பல வீடுகளில் காணலாம்.

அக்குவியலின் அடியைக் கிளறினால், வளைந்த உடலுடன் பருத்த வெள்ளைப் புழுக்கள் தென்படும். இவை மண்புழுவைப் போல நன்மை செய்பவை என்று எண்ணிச் சிலர் விட்டுவிடுகின்றனர். இவையே காண்டாமிருக வண்டின் புழுக்கள். வளர்ந்த வண்டு இரவில் பறந்து சென்று, தென்னையின் விரியாத குருத்தைத் துளைத்துத் தின்னும். பின்னர் விரியும் ஓலை, கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் முக்கோண வடிவில் குறைந்து காணப்படும். இளங்கன்றில் குருத்தின் அடிவரை சேதமுற்றால் கன்றே பட்டுப்போகும். வண்டு துளைத்த காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டும் நுழையும். குருத்துக்கு மருந்து வைக்க ஆள் தேடுமுன் குப்பை மூலையைப் பார்ப்பது நலம்.

தீ வைத்துவிட்டால் தீர்ந்தது என்பது தவறு. குடியிருப்பு நடுவே எழும் புகை குழந்தைகளுக்கும் இருமல் நோயாளிகளுக்கும் கேடு. எருவாக வேண்டிய தழைச்சத்தும் வீணாகும். தோட்டக் கழிவைத் தெருவிலோ சாக்கடையிலோ கொட்டுவதையும் எரிப்பதையும் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடை செய்தன. ஊர்க் குப்பையோடு சேர்த்து அனுப்புவதிலும் தொல்லை உண்டு. கோவை மாநகரின் குப்பை சேரும் வெள்ளலூர்க் கிடங்கில் 2024 ஏப்ரலில் பற்றிய தீ பல நாட்கள் அடங்கவில்லை.

மரம் ஏறுவோரிடம் கூலி பேசும்போதே, வெட்டியதைத் துண்டாக்கிக் கொடுப்பதையும் சேர்த்துப் பேசிக்கொள்ள வேண்டும். வெட்டிப் போட்டுவிட்டுப் போனபின் மற்றோர் ஆளைத் தேடினால் இரட்டைச் செலவு. பருத்த கிளைகளையும் மட்டையின் அடிப்பாகத்தையும் காயவைத்து விறகுக்குக் கொடுத்துவிடலாம். வெட்டிய தென்னையின் அடிக்கட்டையை மட்டும் மண்ணில் விட்டுவைக்கக் கூடாது. அது உளுக்கும்போது வண்டு அதிலும் முட்டையிடும். கோரைக் கிழங்கு, பூத்த பார்த்தீனியம் ஆகியவற்றையும் குழியில் சேர்க்கலாகாது.

எஞ்சிய ஓலை, சருகு, தழை ஆகியவற்றுக்கு 6 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி ஆழமுள்ள குழி ஒரு வீட்டுக்குப் போதும். ஓலையைச் சாண் நீளத்திற்கு நறுக்கி, காய்ந்த சருகு அரை அடி, பச்சைத் தழை கால் அடி என மாற்றி மாற்றிப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின் மீதும் சாணக் கரைசல் தெளிக்க வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி சொட்டும் அளவு ஈரம் போதுமானது.

இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது காலக்கணக்கு. முட்டை பொரிய 8 முதல் 18 நாட்களும், புழுப் பருவத்திற்கு 99 முதல் 182 நாட்களும், கூட்டுப்புழுவுக்கு 10 முதல் 25 நாட்களும் ஆகின்றன. எனவே நான்கு மாதத்திற்குக் குறைந்து வண்டு வெளிவருவதில்லை. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழித்து, மூன்று மாதத்தில் மட்கியதைச் சலித்தெடுத்து மரத்தடியில் இட்டுவிட்டால் வண்டு உருவாக இடமில்லை. ஓலை முழுதும் மட்கவில்லையெனில் மட்காததை அடுத்த குழிக்கு மாற்றலாம். நாட்டுக்கோழி வளர்ப்போருக்குப் புழு பொறுக்கும் வேலையும் மிச்சம்! கிளற இயலாதோர் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தை நீரில் கலந்து குழியில் ஊற்றலாம். இது புழுக்களைத் தாக்கி அழிக்கும்.

பக்கத்து வீட்டுக் குப்பையிலிருந்து வரும் வண்டுகளுக்கு, 1 கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை 5 லிட்டர் நீரில் ஊறவைத்துச் சிறு மண்பானைகளில் ஊற்றி மரங்களுக்கிடையே வைக்கலாம். வாடைக்கு வந்து விழும் வண்டுகளைக் காலையில் எடுத்து அழித்துவிட வேண்டும்.