உடல் நோவுக்கு மனச்சோர்வு மருந்தா?

பாலக்காட்டுச் சீமையில், சித்தூர் வட்டத்தைச் சார்ந்தது நல்லேப்பிள்ளி. தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் எல்லைப்புறம் அது. வயல் வேலை மிகுந்த இத்தகைய ஊர்களில் "மேலெல்லாம் நோகிறது" என்பது அன்றாடம் காதில் விழும் சொல். ஒரு நாள் உழைப்பினால் வந்த நோவு ஓரிரவு உறக்கத்தில் தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் தீராமல், உறக்கத்தையும் கெடுத்து, விடியும்போதே உடலை அயரச் செய்யும் நோவோ வேறு வகையினது. 'ஃபைப்ரோமயால்ஜியா' என்று மருத்துவர் குறிப்பிடும் நோய் அத்தகையது. ஆடவரினும் பெண்டிரிடமே இது மிகுதியாகக் கண்டறியப்படுகிறது.

இந்நோயை எக்ஸ்ரே படமோ இரத்தப் பரிசோதனையோ காட்டுவதில்லை. ஆகவே, "எல்லாம் வெறும் நினைப்பு" என்று வீட்டார் கூறிவிடுவதுண்டு. மருத்துவர் தந்த மாத்திரை மனச்சோர்வுக்கு உரியது என்று தெரியவந்தாலோ, அக்கூற்று மெய்யாகிவிட்டது போல் நோயாளி மனம் குன்றி, மருந்தையே கைவிடக்கூடும். இவ்வச்சத்திற்கு இடமில்லை என்பதை நாம் அறிதல் வேண்டும்.

வலியை மூளைக்கு அறிவிக்கும் நரம்புகள் நம் உடலில் உள்ளன. அவ்வறிவிப்பைத் தணிக்கும் நரம்புகளும் மூளையினின்று முதுகுத்தண்டின் வழியே இறங்குகின்றன. இவை வாய்க்கால் நீரை அளவோடு விடும் மதகு போன்றவை. மதகு சரிவர இயங்காவிடில், சிறு அழுத்தமும் பெருவலியாகிவிடும். அதனை இயக்கும் பொருள்களுள் செரடோனின், நாரெபிநெப்ரின் என்னும் இரண்டும் முக்கியமானவை. மனநிலையைப் பேணுவதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. ஆகவேதான் ஒரே மருந்து இரு நோய்களுக்கும் உதவுகிறது. நோவு கற்பனை என்பது அதன் பொருளன்று.

அமிட்ரிப்டிலின் என்னும் மருந்து 1961-இல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்காக அனுமதி பெற்றது. இந்நோய்க்கும் அது ஓரளவு பயன் தருவதை 1986-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மனச்சோர்வுக்குத் தரும் அளவினும் குறைவாக, இரவில் 10 மில்லிகிராம் போன்ற சிறு அளவில் இதனைத் தொடங்குவது வழக்கம். துலோக்செட்டின் என்னும் மற்றொரு மருந்தை 2008-இல் அமெரிக்கா இந்நோய்க்கு அனுமதித்தது. பயன் போதிய அளவு நிறுவப்படவில்லை எனக் கருதி, ஐரோப்பிய மருந்து முகமை அதே ஆண்டில் மறுத்தது. இதிலிருந்து, இம்மருந்துகள் எல்லோருக்கும் கைகண்ட மருந்துகள் அல்ல என்பது விளங்கும். சிலருக்கு நல்ல தணிவு கிட்டும், சிலருக்குக் கிட்டாது.

வாய் உலர்தல், பகலில் தூக்கம், மலச்சிக்கல், குமட்டல் ஆகியவை நேரலாம். இதய நோயோ கண்ணழுத்த நோயோ உடையவர்கள் அதனை முன்னரே மருத்துவரிடம் தெரிவித்தல் அவசியம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருந்தை நிறுத்துவதாயின், திடீரென நிறுத்தாமல், மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

மருந்தோடு, நாள்தோறும் சிறிது நடையும் ஒழுங்கான உறக்கமும் வேண்டும். உடற்பயிற்சியையே வல்லுநர் இந்நோய்க்கு முதன்மையாகப் பரிந்துரைக்கின்றனர். இவற்றுக்கெல்லாம் மேலாக, நோவென்று சொல்பவரை நம்பும் குடும்பம் வேண்டும். அது நாம் அனைவரும் அளிக்கக்கூடிய உதவியாகும்.