நீலக்கல் காட்டும் நீர்வழி

பள்ளி அறிவியல் கூடத்தில் செம்பு சல்பேட்டுக் கரைசலைப் பார்த்திருப்பீர்கள். நம் முன்னோர் மயில்துத்தம் என்று அழைத்த பொருள் அது. கண்ணாடிக் குவளைக்குள் பளிச்சென்று தெரியும் அந்த நீல நிறத்துக்குக் காரணம், நீரில் கரைந்துள்ள செம்பு. அதே செம்பு பாறைகளுக்கு நடுவே சிலிக்காவோடு சேர்ந்து இறுகினால் என்ன ஆகும்? கிரிசோகோலா என்னும் அழகிய நீலக் கனிமம் உருவாகும்.

செம்பு, சிலிக்கா, நீர் ஆகிய மூன்றும் கிரிசோகோலாவின் முக்கியக் கூறுகள். சிறிதளவு அலுமினியமும் அதில் கலந்திருப்பது உண்டு. வெள்ளை ஒளியில் உள்ள சிவப்பு, ஆரஞ்சு நிறங்களைச் செம்பு உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சிய நீலமும் பச்சையும் நம் கண்களை வந்தடைகின்றன. இரும்பு, மாங்கனீசு போன்றவை கலந்துவிட்டால் கல்லின் நிறம் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறும்.

இந்தக் கனிமம் உருவாகும் முறை வியப்பானது. நிலத்தடியில் செம்பு பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்த தாதுவாகவே இருக்கும். அதனருகில் பைரைட்டு என்னும் இரும்புத் தாதுவும் காணப்படும். காலப்போக்கில் மேலே உள்ள மண்ணும் பாறையும் அரிக்கப்படும்போது, மழைநீரும் காற்றும் இத்தாதுக்களைத் தொடுகின்றன. அப்போது கந்தக அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் செம்பைக் கரைக்கிறது. கரைந்த செம்பு, நிலத்தடி நீரோடு சேர்ந்து பாறை வெடிப்புகளின் வழியே பயணம் செய்கிறது.

போகும் வழியில் நீர் பல வகைப் பாறைகளைத் தொட்டுச் செல்கிறது. அவை அமிலத்தின் வீரியத்தைக் குறைக்கின்றன. சிதைந்த பாறைகளிலிருந்து சிலிக்காவும் நீரில் கரைந்து சேர்கிறது. வீரியம் குறைந்த நீரால் செம்பைத் தொடர்ந்து சுமக்க முடிவதில்லை. ஆகவே, செம்பும் சிலிக்காவும் இணைந்து, நாம் உண்ணும் அகர் அகரைப் போன்ற கூழாகத் திரள்கின்றன. பின்னர் அந்தக் கூழ் நீர் வற்றி இறுகுகிறது.

இப்படிக் கூழிலிருந்து உருவாவதால், கிரிசோகோலா தெளிவான படிக வடிவத்தைப் பெறுவது மிக அரிது. பாறையின்மேல் மெல்லிய பூச்சாகவும், வெடிப்புகளை நிரப்பிய நரம்பாகவும், திராட்சைக் குலை போன்ற உருண்டைத் திரளாகவும் அது காணப்படும்.

பார்வைக்கு இது பேரோசனைக் கல்லைப் போலவே இருக்கும். ஆனால், நிறத்தை மட்டும் நம்பி ஒரு கனிமத்தை அடையாளம் காண இயலாது. கடினத்தன்மையைச் சோதிப்பது ஒரு நல்ல வழி. கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவுகோலில், பேரோசனைக் கல்லின் இடம் 5 முதல் 6 வரை. கிரிசோகோலாவின் இடமோ ஏறத்தாழ 2.5 முதல் 3.5 வரைதான். கத்தி முனையால் எளிதில் கீறிவிடலாம். எனினும், இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. சிலிக்கா மிகுதியாக ஊடுருவிய கிரிசோகோலாவின் கடினத்தன்மை 7 வரை உயரும். நகை செய்வோர் தேடுவது அத்தகைய கற்களையே.

கிரிசோகோலா என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் ‘பொன் பசை’ என்று பொருள். பொன் துண்டுகளைப் பற்றவைக்கப் பயன்பட்ட செம்புக் கனிமங்களைப் பழங்காலத்தவர் இப்பெயரால் அழைத்தனர்.

கனிமம் தேடுவோருக்கு இந்த நீலம் ஓர் அடையாளப் பலகை போன்றது. ஆனால், அதைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். நீலக்கல் கிடைத்த இடத்துக்கு நேர்கீழேதான் பெரிய செம்புப் படிவம் இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. தென் அமெரிக்க நாடான சிலியின் அட்டகாமா பாலைவனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள சுக்கிகமாட்டா, உலகின் மிகப் பெரிய திறந்தவெளிச் செம்புச் சுரங்கங்களுள் ஒன்று. அதற்குத் தெற்கே மினா சூர் என்னும் மற்றொரு சுரங்கம் உள்ளது. அங்கே கிரிசோகோலா, பழைய நீர்வழி ஒன்றில் கிடந்த கூழாங்கற்களை ஒட்டிப் பிடித்தபடி காணப்படுகிறது. அந்தச் செம்பு அங்கேயே தோன்றியதன்று. சுக்கிகமாட்டாவின் தாதுவிலிருந்து கரைந்து, நிலத்தடி நீரால் சில கிலோமீட்டர் தொலைவு சுமந்து வரப்பட்டது. எனவே நீலக்கல் நமக்குச் சொல்வது, “செம்பு இவ்வழியே வந்தது” என்பதைத்தான். அது எங்கிருந்து வந்தது என்பதை அறிய, நீர் வந்த திசையை நோக்கித் தேட வேண்டும்.

இன்று மனிதன் இயற்கையின் செயலையே திருப்பிச் செய்கிறான். கிரிசோகோலா கலந்த தாதுவை உடைத்துக் குவித்து, அதன்மேல் நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டச் சொட்ட ஊற்றுகிறான். கல்லாக இறுகிய செம்பு மறுபடியும் கரைந்து நீலக் கரைசலாக வெளியேறுகிறது. அக்கரைசலிலிருந்து மின்சாரத்தின் உதவியால் தூய செம்பு பிரிக்கப்படுகிறது. ஆயினும், அந்த அமிலம் கசிந்து மண்ணையும் நீரையும் கெடுக்காமல் காப்பது சுரங்கம் நடத்துவோரின் பெரும் பொறுப்பாகும்.

நம் வீட்டு மின்விளக்கை எரியச் செய்யும் செம்புக் கம்பிக்குள்ளும் இத்தகைய நெடும்பயணம் ஒன்று மறைந்திருக்கலாம். கரைந்து, இறுகி, மீண்டும் கரைந்து வந்த அந்தச் செம்பின் பழைய பாதையை, பாறையில் எஞ்சிய நீலம் இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது.