கரி சுமந்த தோள்கள்

மெரினாக் கடற்கரையில், அண்ணா சதுக்கத்திற்கு அருகே, நான்கு மனிதர் ஒரு பெரும் பாறையைப் பெயர்த்துக்கொண்டிருக்கின்றனர். முதுகுகள் வளைந்துள்ளன, நரம்புகள் புடைத்துள்ளன. சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராய் இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த இவ்வெண்கல உழைப்பாளர் சிலை 1959 ஜனவரி 25 அன்று திறக்கப்பெற்றது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1955இல், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தியிருந்தார். 1923இல் சிங்காரவேலர் இந்நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையிலேதான்.

அச்சிலையைக் காணும்போது வடசென்னையின் நினைவு எழாமல் இராது. பாறையன்று, கரியே இங்குள்ளோரின் பாரம். ஒரிசாவின் தால்ச்சேர் சுரங்கத்தில் ஒருவன் வெட்டிய நிலக்கரி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி, சென்னைத் துறைமுகத்தில் மற்றொருவன் கைக்கு வரும். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருமல் மட்டும் இருவருக்கும் பொது. இராயப்பர் பெயரால் வழங்கும் இராயபுரத்தில், துவைத்து உலர்த்திய துணியிலும் மூடாத சோற்றுப் பானையிலும் அக்கரித் தூள் படியும். உயர்நீதிமன்ற ஆணையால் 2011இல் அங்கே கரி இறக்குவது நின்றது. இராயபுரத்துத் தாய்மார் மூச்சு விட்டனர். கரியோ எண்ணூர்த் துறைமுகத்திற்குப் போயிற்று. அங்கும் தாய்மார் உண்டு. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த கழிமுகத்தில் இறாலும் மீனும் தேடும் குடும்பங்கள் உண்டு.

இங்கிலாந்தில் செயின்ட் ஹெலன்ஸ் என்னும் ஊரில் சட்டன் மேனர் நிலக்கரிச் சுரங்கம் 1991இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப எண்ணியபோது, முன்பு சுரங்கத்தில் உழைத்த முதியோரையே அழைத்துக் கேட்டனர். ஸ்பெயின் தேசத்துச் சிற்பி ஜாவ்மே பிளென்சா முதலில் சுரங்க விளக்கின் வடிவை எண்ணினாராம். முதியோர் இசையவில்லை, வருங்காலத்தை நோக்கும் ஒன்றே வேண்டும் என்றனர். கண்மூடிக் கனவு காணும் ஒரு சிறுமியின் முகம் 2009இல் எழுந்தது. உயரம் 20 மீட்டர். நிறமோ கரிக்கு நேர்மாறான வெண்மை. வாழ்நாளெல்லாம் இருளில் வெட்டியவர்கள் தங்கள் உருவத்தைக் கேளாமல் பேத்தியின் முகத்தைக் கேட்டது சிற்பத்தினும் பெரிதென்பேன்.

1970இல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையமும் 2017இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே என்ன சிலை வைக்கலாம் என்று கேட்டால், அதில் கரி அள்ளியவர்கள் எதைச் சொல்வார்களோ! அவர்களைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. ஞாயிறு பூசையில் நம் பக்கத்து வரிசையிலே இருமிக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள்.