மொட்டை மாடி பைப்புக்கு மாசம் 500 ரூபாயா?

சம்பளம் வந்ததும் எஸ்ஐபி போகுது, டேர்ம் இன்சூரன்ஸ் போகுது, எமர்ஜென்சி ஃபண்டுக்கும் கொஞ்சம் போகுது. ஊர்ல அப்பா அம்மா இருக்குற வீட்டுக்குன்னு தனியா எவ்வளவு எடுத்து வைக்கிறீங்க? நம்மில் பலருக்கு பூஜ்யம்தான். ஆனா குடும்பச் சொத்துக் கணக்கை ஒரு பேப்பர்ல எழுதிப் பார்த்தா, பெரும்பாலும் அந்த வீடுதான் முதல் வரியில் நிக்கும். நவம்பர் மாசம் ஒரு ராத்திரி "ஹால் சீலிங்ல தண்ணி இறங்குதுப்பா"ன்னு போன் வந்தா, நீங்க கை வைக்கப் போறது எமர்ஜென்சி ஃபண்ட்லதான்.

இந்தச் செலவுக்கு மூலகாரணம் பல வீடுகளில் ரொம்பச் சின்னது. மாடித் தண்ணி வெளியே போற ஓட்டையை நாலு வேப்பிலையும் ஒரு பால் கவரும் அடைச்சிருக்கும். ஓட்டு வீடு, ஷீட் போட்ட வீடுன்னா கூரை விளிம்பில் ஓடுற தகரக் கட்டர். காங்கிரீட் வீட்டில் அதே வேலையைச் செய்யறது மாடியோட வாட்டமும், மூலையில் இருக்குற ஓட்டையும், சுவரோரம் இறங்குற பிவிசி பைப்பும்.

ஒரு கணக்குப் போடுவோம். 1,000 சதுர அடி மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தா சுமார் 93 லிட்டர் தண்ணி. ஒரே நாள்ல 10 சென்டிமீட்டர் பெய்தா 9,300 லிட்டர். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை நம்ம கடலோர மாவட்டங்களுக்கு இது புதுசு இல்ல. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அந்த மழை இந்த அளவு மாடியில் விழுந்தா 88,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஏழு வந்து மாடியில் தண்ணியைக் கொட்டுற மாதிரி.

ஓட்டை அடைச்சு மூணு அங்குலம் தண்ணி நின்னா அதோட எடை 7 டன். கேட்க பயமாத்தான் இருக்கும். ஆனா ஒழுங்கா கட்டின தளம் இந்த எடையைத் தாங்கும். நீங்க பயப்பட வேண்டியது ஊறலுக்கு. நின்ன தண்ணி தட்டோட்டு இணைப்புலயும் விரிசல்லயும் மெதுவா இறங்கி உள்ளே இருக்குற கம்பியைத் தொடும். துருப்பிடிச்ச கம்பி உப்பும். உப்பின கம்பி காங்கிரீட்டைக் கீழே தள்ளும். சீலிங்ல முதல்ல பழுப்புக் கறை, அப்புறம் பெயிண்ட் பொரியும், அதுக்கப்புறம் பூச்சு பெயர்ந்து விழும். கறை நிலையில் கவனிச்சா ஒரு ஆளோட கூலியோட முடிஞ்சிடலாம். பூச்சு விழுந்த பிறகு சதுர அடிக் கணக்குல கொட்டேஷன் வரும். 1,000 சதுர அடியால பெருக்கிப் பாருங்க.

"இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு கேட்பீங்க. 2021 ஏப்ரல்ல இருந்து பாரத் கிருஹ ரக்ஷான்னு ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனத்துலயும் கிடைக்குது. புயல், வெள்ளம் அதுல வரும், எடுக்க வேண்டிய பாலிசிதான். ஆனா வருஷக் கணக்கா ஊறி வந்த ஓதத்துக்கு பணம் கிடைக்கும்னு நம்பி உட்காராதீங்க. பராமரிக்காம விட்டதால மெல்ல மெல்ல வர்ற சேதம் காப்பீடு செய்ய ஒத்துக்கிட்ட ஆபத்து கிடையாது.

வரியிலயும் ஒரு சின்ன விஷயம் இருக்கு. வீடு வாடகைக்கு விட்டிருந்தா, வாடகையில் சொத்து வரி கழிச்ச மீதியில் 30% பராமரிப்புக்குன்னு கழிவு கிடைக்கும். நீங்க ஒரு ரூபாய் செலவு பண்ணலைன்னாலும் அதே 30%தான், ரெண்டு லட்சம் செலவானாலும் அதே 30%தான். அதனால பெரிய ரிப்பேர் வந்தா முழுசும் உங்க பாக்கெட்.

இப்போ வேலைக்கு வருவோம். செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை போதும். மாடியைப் பெருக்கி, ஓட்டை வாயில் இருக்குற ஜாலியை எடுத்து, உள்ளே கை போற தூரம் வரைக்கும் அள்ளுங்க, கையுறை போட்டுக்கோங்க. வேப்பிலை, புறா இறகு, துணி கிளிப், வீடு கட்டினப்போ விழுந்த சிமெண்ட் கட்டின்னு எல்லாம் வரும். அடைப்பு எல்போல இருந்தா இரும்புக் கம்பியால குத்தாதீங்க, பிவிசி உடைஞ்சு சுவருக்குள்ளயே ஒழுக ஆரம்பிக்கும். ஹோஸ் பைப்பை உள்ளே விட்டு தண்ணி அழுத்தத்துல தள்ளுங்க.

அப்புறம் ஓட்டைக்கு எதிர் மூலையில் நாலு பக்கெட் தண்ணி ஊத்துங்க. அது எந்த வழியா ஓடுது, எங்க நிக்குதுன்னு பாருங்க. நிக்கிற இடத்தைச் சுத்தி சாக்பீஸால கோடு போட்டு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. கொத்தனார் "வாட்டம் சரியாத்தான் இருக்கு"ன்னு சொல்லும்போது அந்தப் போட்டோ உதவும். அந்த நேரத்துல இன்னொருத்தர் கீழே நின்னு பைப் வாயைப் பார்க்கணும். தண்ணி அஸ்திவாரத்து ஓரமா கொட்டுதா, மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகுதா? (2003லயே தமிழ்நாட்டுல எல்லா கட்டடத்துக்கும் இதைக் கட்டாயமாக்கிட்டாங்க. பல வீட்ல குழி இருக்கும், அதுக்குள்ள மண்ணும் இருக்கும்.) சில இடங்களில் கழிவுநீர்க் குழாயோட இணைச்சிருப்பாங்க. அதைப் பிரிச்சே ஆகணும், இல்லைன்னா பெருமழையில் சாக்கடைத் தண்ணி திரும்பி வரும்.

பைப் போதுமான்னும் பாருங்க. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்துல பெய்ற மழைக்கு, 4 அங்குல பைப் ஒண்ணு சுமார் 460 சதுர அடி மாடியைத்தான் சமாளிக்கும். 1,000 சதுர அடிக்கு ஒரே பைப் இருந்தா இன்னொண்ணு போட்டுடுங்க. கைப்பிடிச் சுவர்ல, தளத்துக்கு ரெண்டு அங்குலம் மேலே, ஒரு அவசர ஓட்டையும் வைக்கலாம். கீழ் ஓட்டை அடைச்சாலும் தண்ணி அது வழியா வெளியே போயிடும். சன்ஷேட் மேல குப்பை இருக்கான்னும் எட்டிப் பாருங்க, அதை யாரும் கவனிக்கிறதே இல்ல. சுவர் இடுக்குல அரசங்கன்னு முளைச்சிருந்தா வேரோட எடுக்கணும். வெறும் தழையைக் கிள்ளினா அடுத்த வருஷம் இன்னும் தடிமனா வரும்.

பணத்துக்கு வழி: மாசம் 500 ரூபாய் தனி ஆர்டி. வருஷத்துக்கு 6,000, அஞ்சு வருஷத்துல வட்டி இல்லாமலே 30,000. வருஷா வருஷம் சுத்தம் பண்ற கூலி இதுலயே போகும், மீதி அடுத்த வாட்டர் ப்ரூஃபிங்குக்குச் சேரும். ஈக்விட்டி ஃபண்டுல போடாதீங்க, மார்க்கெட் ஏற வரைக்கும் மழை காத்திருக்காது. அப்பார்ட்மென்ட்ல சொந்த ஃபிளாட்னா, மாடி சுத்தம் பண்ண எந்த மாசம் ஆள் வந்தாங்கன்னு அசோசியேஷன் கணக்குல கேளுங்க, குறிப்பா நீங்க கடைசி மாடின்னா. வாடகை வீட்டுல இருக்கீங்கன்னா, கறையைப் போட்டோ எடுத்து தேதியோட ஓனருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க. காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பிடிக்கிற பேச்சு வந்தா கையில் ஆதாரம் இருக்கும்.

ஒண்ணே ஒண்ணு. 60 வயசு அப்பாவை ஏணியில ஏத்தாதீங்க. பாசி பிடிச்ச சன்ஷேட், பக்கத்துல ஈபி சர்வீஸ் ஒயர், எதுவும் அவர் ஏற வேண்டிய இடம் இல்ல. நீங்க ஊருக்குப் போக முடியலைன்னா ஒரு பிளம்பருக்கு ஜிபேல கூலி அனுப்புங்க. வேலை முடிஞ்சதும் பக்கெட் தண்ணி ஊத்துறதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, மேலயும் கீழயும் சேர்த்து.