சவேரியாரா, ராகுல தேரரா? டிஎன்ஏ சொல்வதும் சொல்லாததும்

கோவாவில் புனித சவேரியாரின் திருவுடல் பொதுமக்கள் வணக்கத்துக்கு வைக்கப்பட்டிருந்தது 2025 ஜனவரி 5ஆம் திகதியோடு முடிந்தது. பத்தாண்டுக்கு ஒரு தடவைதான் பேழை கீழே இறங்கும். அந்த அவசரமோ என்னவோ, கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் வந்த கடிதங்கள் ஒரே கேள்வியில் வந்து நின்றன: "அது சவேரியார் இல்லையாம், நம் நாட்டுப் பிக்குவாம். டிஎன்ஏ பார்த்தால் தெரியாதா?"

பிக்கு என்பது தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர். 15ஆம் நூற்றாண்டுக் கோட்டை இராச்சியத்தின் பெரும்புலவர், 'சலலிஹினி சந்தேசய' பாடியவர். அழியாதிருந்த அவரது உடலைப் போர்த்துக்கேயர் தூக்கிச் சென்றார்கள் என்பது தென்னிலங்கைக் கதை. 2014 கண்காட்சியிலும் உடலைச் சோதிக்கும் கோரிக்கை எழுந்தது. 2024 ஒக்டோபரில் கோவாவின் முன்னாள் ஆர்.எஸ்.எஸ். தலைவர் சுபாஷ் வெலிங்கர் டிஎன்ஏ சோதனை கேட்க, ஆர்ப்பாட்டமும் வழக்கும் தொடர்ந்தன.

பக்தர் தரப்பின் "அழியா உடல்" என்ற சொல்லையும் அப்படியே விழுங்கத் தேவையில்லை. 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்த சவேரியாரைப் புதைத்தபோது, சதை சீக்கிரம் கரையட்டும் என்று சுண்ணாம்பு போட்டார்கள். சுண்ணாம்பு அழுகலைத் தாமதப்படுத்தும் என்கின்றன அண்மைய ஆய்வுகள். இன்று பேழையில் இருப்பது உலர்ந்து சுருங்கிய உடல்.

சோதனையின் சூட்சுமம் ஒரு கையில் இருக்கிறது. 1614இல் வலது முன்கை துண்டிக்கப்பட்டு உரோமுக்குப் போனது. இன்றும் அங்கே இயேசு ஆலயத்தில் இருக்கிறது. அந்தக் கையும் கோவா உடலும் பொருந்தினால் என்ன தெரியும்? 1614க்குப் பிறகு யாரும் உடலை மாற்றவில்லை என்பது மட்டுமே. அப்படியொரு வதந்தி உண்மையில் கிளம்பியது: 18ஆம் நூற்றாண்டில் இயேசு சபையார் துரத்தப்பட்டபோது உடலையும் கொண்டுபோய்விட்டதாக ஊர் பேசியது. வாயை மூடத்தான் 1782இல் முதல் பொதுக் காட்சி நடந்தது.

பிக்கு கதையோ 1614க்கு முந்திய மாற்றத்தைச் சொல்கிறது. அங்கே உரோமுக் கை உதவாது; பூர்விகம்தான் உதவும். ஸ்பெயினின் நவாராவில் பிறந்தவரையும் இலங்கையில் பிறந்தவரையும் மரபணு எளிதில் பிரித்துவிடும், உறவினர் தேவையில்லை. ஆனால் "ஐரோப்பியர்" என்று வந்தாலும் அது "சவேரியார்" ஆகிவிடாது. அதற்கு அவர் குடும்பத்தாரின் எலும்பு வேண்டும். ஆக, சோதனை பிக்கு கதையை வீழ்த்தலாம். புனிதரை நிரூபிப்பது வேறு வேலை.

இன்னொரு சங்கடமும் உண்டு. பக்தர்கள் பாதத்தை முத்தமிட்ட காலம் இருந்ததால் தோலில் பிறர் தடயங்கள் கலந்திருக்கும். பல்லிலோ உட்காதை எலும்பிலோ துளையிட வேண்டும். அதாவது, சோதிக்கத் தலையைச் சேதப்படுத்த வேண்டும்.

மற்றக் கேள்விகள் சுருக்கமாக:

காபன் காலக்கணிப்பு போதாதா? இரு மரணங்களுக்கும் இடைவெளி சில பத்தாண்டுகள்தான். அக்காலத்தைக் காபன் தெளிவாகப் பிரிக்காது.

தேரரின் வழித்தோன்றல்கள்? துறவிக்குப் பிள்ளைகள் இல்லை. சகோதரி இருந்திருந்தால், தாய்வழி டிஎன்ஏவை ஒப்பிட அவர் பெண்வழி அறுபடாமல் ஐந்து நூற்றாண்டு நீண்டிருக்க வேண்டும்.

புனிதர் உடலை விஞ்ஞானிகள் தொட்டதுண்டா? உண்டு. 1981இல் பதுவையில் அந்தோனியாரின் எலும்புகளை ஆராய்ந்தார்கள்.

கொச்சிக்கடையிலுள்ள அந்தோனியார் நாவின் துண்டையும் சோதிக்கலாமா? ஒப்பிடத் தேவையான எலும்பு பதுவையில் இருக்கிறது.

நேரில் பார்க்க விரும்பியோருக்கு 2025 ஜனவரி 5 வரை வாய்ப்பிருந்தது. அதன்பின் பேழை போம் ஜேசு பசிலிக்காவுக்குத் திரும்பியது. வழக்கம் மாறாவிட்டால் அடுத்த காட்சி 2034இல்.