வயலிற் கூடிக் கற்றலும் கைத்தொலைபேசியும்

நெற்பயிர் மஞ்சளிக்கக் கண்டவுடன் மருந்து விசிறும் வழக்கம் நம் கமக்காரரிடையே இன்றும் உண்டு. பயிர் மஞ்சளிப்பதற்குக் காரணங்கள் பல. நைதரசன் குறைவு, இரும்பு நச்சு, நீர்க் குறைவு, கபில நிறத் தத்தியின் தாக்கம் ஆகியன வரம்பில் நின்று நோக்குவோர்க்கு ஏறக்குறைய ஒரேவிதமாகத் தோன்றக்கூடும். காரணம் அறியாது விசிறுவதால் பணம் மாத்திரம் வீணாவதில்லை. தத்தியை உண்ணும் சிலந்தி முதலிய நன்மை பயக்கும் உயிர்களும் மடிகின்றன. இலைமடலினுள் இடப்பட்ட தத்தி முட்டைகளோ தப்பிவிடுகின்றன. அவை பொரிக்கும்போது எதிரிகள் இல்லாமையால் தத்தி முன்னிலும் பன்மடங்காகப் பெருகுகின்றது.

ஆதலால், விசிறுமுன் அறிதல் வேண்டும். அவ்வறிவைக் கூடிப் பெறுவதற்குக் கைத்தொலைபேசி எவ்வாறு உதவும் என்பதை இங்கு கூறுவோம்.

கூடிக் கற்றோரின் அனுபவம்

இந்தோனேசிய நாட்டிற் கபில நிறத் தத்தி பெருஞ்சேதம் விளைவித்தது. அந்நாட்டு அரசு 1986ஆம் ஆண்டில் 57 பூச்சிநாசினிகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாது எனத் தடைசெய்தது. 1989இல் உலக உணவு விவசாய நிறுவனத்தின் உதவியுடன் அங்கு கமக்காரர் வயற் பாடசாலைகள் தொடங்கப்பட்டன. ஏறக்குறைய 25 கமக்காரர் வாரம் ஒருமுறை வயலிற் கூடினர். பயிரையும், பூச்சியையும், அதன் எதிரிகளையும் எண்ணிப் பார்த்துக் கடதாசியிற் படமாக வரைந்தனர். பின்னர் அதைப்பற்றி விவாதித்துத் தாமே முடிவு செய்தனர்.

அன்று கடதாசி செய்த வேலையை இன்று கைத்தொலைபேசி செய்யக்கூடும். வரைந்த படம் அன்று கூடியிருந்தோர்க்கு மாத்திரமே பயன்பட்டது. இன்று எடுக்கும் படமோ அயல் வெளியிலுள்ள கமக்காரருக்கும் விவசாயப் போதனாசிரியருக்கும் அன்றே கிடைக்கும். அடுத்த போகத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் உதவும்.

படம் எடுக்கும் முறை

1. நெல்: இலை நுனியை மாத்திரம் படம் பிடித்தல் பயனற்றது. தத்தி நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் அடியில் இருக்கும். தூரை விலக்கி அடியைப் படம் எடுக்க. தூரைக் கையினாற் தட்டி நீரில் வீழும் பூச்சிகளை எண்ணி, அத்தொகையையும் எழுதுக.

2. மிளகாய்: இலை மேல்நோக்கிச் சுருளின் பனிப்பூச்சியையும், கீழ்நோக்கிச் சுருளின் சிற்றுண்ணியையும் ஐயுறல் வேண்டும். இரண்டிற்கும் மருந்து ஒன்றன்று. ஆகவே இலையின் மேற்புறம், கீழ்ப்புறம் இரண்டையும் படம் எடுக்க.

3. சோளம்: 2018இல் நம் நாட்டிற் பரவிய படைப்புழுவின் தலையில் தலைகீழான ‘Y’ போன்ற வெண்கோடும், வாற்புறத்திற் சதுரமாய் அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் உண்டு. புழுவின் தலையும் வாலும் தெளிவாகத் தெரிதல் வேண்டும்.

4. அண்மையில் ஒரு படமும், வயல் முழுவதும் தோன்ற ஒரு படமும் எடுக்க. இனத்தின் பெயர், பயிரின் வயது, கடைசியாக இட்ட பசளை, விசிறிய மருந்து, திகதி ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புக. யூரியா மிகையாக இட்ட வயலிலே தத்தி விரைந்து பெருகுமாதலின் பசளை விபரத்தை மறைத்தல் கூடாது.

குழுவின் ஒழுங்கு

ஒரே வாய்க்காலில் நீர் பெறுவோர் ஒரு குழுவாகச் சேர்தல் நன்று. வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று யாவரும் தத்தம் வயலைப் பார்த்து அறிவித்தல் வேண்டும். பூச்சி இல்லையெனின் ‘இல்லை’ என்றே அறிவிக்க. அதுவும் பயனுள்ள செய்தியே. ஒரு வயலில் தத்தி கண்டதும் அயல் வயல்களை உடனே சோதிக்க. ஒருவர் கவனியாது விட்ட வயலே ஏனையோர்க்குத் தீங்காக முடியும்.

படம் எடுக்கும் வசதியுள்ள தொலைபேசி எல்லோரிடமும் இராது. அத்தகையோர்க்கு அயலவர் செய்தி சொல்லல் கடமையாகும். அனுபவம் முதிர்ந்த பெரியோர் பலர் இவர்களுள் இருப்பர். அவர்களை விட்டு முடிவு செய்தல் குழுவுக்கே நட்டம்.

எச்சரிக்கை

யாரோ அனுப்பிய செய்தியை நம்பி மருந்து வாங்கற்க. படம் நோயை ஐயுறச் செய்யும். வயலை நேரிற் பார்த்தலே அதனை உறுதிப்படுத்தும். ஐயம் உளதாயின் உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம், அல்லது திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் வினவுக. சிபார்சு செய்யப்பட்ட மருந்தை மாத்திரம், குறித்த அளவில் விசிறுக.

கமக்காரரே, அடுத்த போகத்தின் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்பு நாளைத் தீர்மானிக்கும்போதே வயல் பார்க்கும் நாளையும் தீர்மானியுங்கள். கருவி உங்கள் கையில் உளது. வரம்பில் இறங்கித் தூரை விலக்கிப் பார்ப்பவர்க்கே அது பயன் தரும்.