கோழிக்குப் புழு மருந்து: எவ்வளவு கொடுப்பது?

காலை நேரம். தோசைக்கல் காய்ந்துவிட்டது. வீட்டுக்காரி ஒரு நாட்டுக்கோழி முட்டையை எடுத்து உடைக்கிறாள்.

மஞ்சள் கரு விழுகிறது. அதோடு வெள்ளை நூல் போல ஒன்றும் விழுகிறது.

அது நூல் அல்ல. புழு!

இப்படி நடப்பது அபூர்வம். ஆனால், நடப்பதுண்டு. கோழியின் குடலில் வாழும் உருண்டைப் புழு, சில நேரம் வழி தவறிவிடும். குடலை விட்டு, முட்டை வரும் குழாய்க்குள் ஏறிவிடும். அங்கே முட்டை உருவாகிக்கொண்டு இருக்கும். மேலே ஓடு மூடும் முன்பே புழுவும் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும்.

பயப்பட வேண்டாம். கோழியின் குடலில் வளரும் இந்தப் புழு, மனிதர் குடலில் வளராது. அந்த முட்டையைக் கொட்டிவிட்டால் போதும்.

ஆனால் அந்தக் கோழி? ஒரு புழு வெளியே வந்தது என்றால், உள்ளே எத்தனை இருக்கும்?

விரல் நீளப் புழு

வீட்டுக் கோழிகளைப் பிடிக்கும் உருண்டைப் புழுக்களில் பெரியது இதுதான். வளர்ந்த புழு 5 முதல் 12 சென்டி மீட்டர் நீளம் இருக்கும். ஏறக்குறைய ஒரு விரல் நீளம்! கோழி தின்னும் கம்பையும் சோற்றையும் இது பங்கு போட்டுக்கொள்ளும்.

புழுக்கள் அதிகமானால், கயிறு போலச் சுருண்டு குடலையே அடைத்துவிடும். இளங்குஞ்சுகள் இதில் செத்தும் போகும்.

நாடாப்புழு வேறு வகை. கோழியின் எச்சத்தில் வெள்ளை அரிசி போலத் துண்டு துண்டாகக் காணப்படும். எறும்பு, வண்டு இவற்றைக் கோழி கொத்தித் தின்னும்போது இது உள்ளே போகிறது. மயிர் போல மெல்லிய புழுவும் ஒன்று உண்டு. அதைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டம்.

உருண்டைப் புழுவுக்கு எறும்பின் துணை தேவை இல்லை. அது கோழியின் வயிற்றில் முட்டை இடும். அந்த முட்டைகள் எச்சத்தோடு மண்ணில் விழும். ஈரமும் சூடும் இருந்தால், இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் குட்டிப் புழு தயாராகிவிடும். பிறகு மாதக் கணக்கில் மண்ணிலேயே காத்திருக்கும். மண்ணைக் கிளறி இரை பொறுக்குவதுதான் கோழியின் பிழைப்பு. தினையோடு புழு முட்டையும் உள்ளே போய்விடும். மண்புழுவின் வயிற்றில் ஒளிந்துகொண்டு போவதும் உண்டு.

உள்ளே போன புழு வளர்ந்து முட்டை இட ஐந்து முதல் எட்டு வாரம் ஆகும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கத்தி போல நெஞ்செலும்பு

கோழிக்குப் புழு இருப்பது எப்படித் தெரியும்?

கோழியைத் தூக்கி, நெஞ்சைத் தடவிப் பாருங்கள். நடுவில் உள்ள எலும்பின் இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும். எலும்பு கத்தி போலக் கையில் குத்தினால் கோழி இளைத்துவிட்டது என்று அர்த்தம். கொண்டை வெளுத்துப் போகும். இறக்கை தொங்கும். நன்றாகத் தின்றும் உடம்பு தேறாது. முட்டை குறையும்.

ஆனால், ரத்தக் கழிச்சலிலும் கோழி வெளுக்கும். வெள்ளைக் கழிச்சலிலும் இறக்கை தொங்கும். வெளி அடையாளத்தை மட்டும் பார்த்துப் புழு மருந்து கொடுத்தால், நோய் ஒன்று, மருந்து ஒன்று என்று ஆகிவிடும்.

ஆகவே, விடியற்காலையில் நாலைந்து கோழிகளின் புது எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அங்கே எச்சத்தை உப்புக் கரைசலில் கலக்குவார்கள். புழு முட்டை இருந்தால் மேலே மிதக்கும். அதைப் பூதக் கண்ணாடிக் கருவியில் பார்த்து, எந்தப் புழு என்று டாக்டர் சொல்லிவிடுவார்.

எந்தப் புழு என்று தெரிவது மிகவும் முக்கியம். பைப்பரசின் என்ற பழைய மருந்து, உருண்டைப் புழுவை மயக்கி வெளியே தள்ளும். நாடாப்புழுவை அது ஒன்றும் செய்யாது. நாடாப்புழுவுக்கு அதைக் கொடுத்தால் காசுதான் வீண்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கிராமத்தில் குடற்புழு மருந்தையும் "பூச்சி மருந்து" என்றுதான் சொல்கிறார்கள். வயலுக்கு அடிக்கும் விஷத்துக்கும் அதே பெயர்! கடைக்குச் சிறுவனை அனுப்பி, "கோழிக்குப் பூச்சி மருந்து வாங்கி வா" என்று சொல்லாதீர்கள். "கோழிக்குக் குடற்புழு மருந்து" என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

எந்த மில்லி?

மருந்து வந்துவிட்டது. எவ்வளவு கொடுப்பது? தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

"ஒரு கோழிக்கு ஒரு மூடி" என்பார் ஒருவர். "நாலு சொட்டு" என்பார் இன்னொருவர். இரண்டும் கணக்கு அல்ல. புழு மருந்தின் அளவு, கோழியின் எடையைப் பொறுத்தது. சிறுவிடைப் பெட்டை ஒன்றரைக் கிலோகூட இருக்காது. பெருவிடைச் சேவல் நாலு கிலோவைத் தாண்டும். இரண்டுக்கும் ஒரே மூடியா?

அடுத்த குழப்பம் "மில்லி" என்ற சொல். மில்லி கிராம் என்பது மருந்தின் எடை. மில்லி லிட்டர் என்பது புட்டியில் உள்ள திரவத்தின் அளவு. டாக்டர் 10 மில்லி கிராம் என்று சொல்லி இருப்பார். வீட்டுக்கு வந்ததும் அது "10 மில்லி" ஆகிவிடும். 10 மில்லி லிட்டர் மருந்து கோழியின் வாய்க்குள் போய்விடும்! கேட்டுக்கொண்டு வருவதைவிட எழுதி வாங்கிக்கொண்டு வருவது மேல்.

மூன்றாவது குழப்பம் புட்டியின் மேலேயே இருக்கிறது. அல்பெண்டசோல் என்ற மருந்து 2.5 சதவீதத்திலும் வருகிறது. 10 சதவீதத்திலும் வருகிறது. பெயர் ஒன்றுதான். ஆனால் 10 சதவீத மருந்துக்கு நாலு மடங்கு வீரியம்!

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சதவீதத்தைப் பத்தால் பெருக்குங்கள். அதுதான் ஒரு மில்லி லிட்டரில் இருக்கும் மில்லி கிராம். 2.5 சதவீதம் என்றால் 25 மில்லி கிராம். 10 சதவீதம் என்றால் 100 மில்லி கிராம்.

வாருங்கள், கணக்குப் போடலாம்

முதலில் கோழியை நிறுக்க வேண்டும். மஞ்சள் பைக்குள் கோழியை விட்டு, தலையை வெளியே வைத்து, தொங்கு தராசில் மாட்டினால் முடிந்தது. பையின் எடையைக் கழித்துவிடுங்கள். குஞ்சுகளை ஐந்தாறாகக் கூடையில் வைத்து நிறுத்து, வகுத்துக்கொள்ளலாம்.

ஒரு வீட்டில் ஒரு சேவல், ஐந்து பெட்டை, பத்து வளரும் குஞ்சு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சேவல் 2 கிலோ. பெட்டை ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ. குஞ்சு ஒவ்வொன்றும் அரைக் கிலோ.

அல்பெண்டசோல், ஒரு கிலோ எடைக்கு 10 மில்லி கிராம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். புட்டி 2.5 சதவீதம். அதாவது, ஒரு மில்லி லிட்டரில் 25 மில்லி கிராம்.

2 கிலோ சேவலுக்கு 20 மில்லி கிராம் தேவை. 20-ஐ 25-ஆல் வகுத்தால் 0.8 மில்லி லிட்டர்.

பெட்டைக்கு 15 மில்லி கிராம். 25-ஆல் வகுத்தால் 0.6 மில்லி லிட்டர்.

குஞ்சுக்கு 5 மில்லி கிராம். வகுத்தால் 0.2 மில்லி லிட்டர்.

பதினாறுக்கும் சேர்த்து மொத்தம் 5.8 மில்லி லிட்டர். ஒரு டீஸ்பூனில் 5 மில்லி லிட்டர் பிடிக்கும். அப்படி என்றால், ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடுதலான மருந்து மொத்தக் கூட்டத்துக்கும் போதும்! ஒரு பெட்டைக்கே ஒரு டீஸ்பூன் ஊற்றினால் எட்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும்.

மொத்த மருந்தைச் சமமாகப் பங்கிட்டால் என்ன? ஒவ்வொன்றுக்கும் 0.36 மில்லி லிட்டர் வரும். குஞ்சுக்கு அது ஏறக்குறைய இரண்டு பங்கு. சேவலுக்குப் பாதிகூட இல்லை.

மருந்து குறைந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அரைகுறை மருந்தில் பலவீனமான புழு சாகும். பலமான புழு பிழைக்கும். பிழைத்த புழு முட்டை இடும். நாளடைவில் அந்த மருந்துக்கே அசையாத புழுக்கள் பெருகிவிடும். ஃபென்பெண்டசோல் என்ற மருந்துக்கு அடங்காத வான்கோழிப் புழுக்களை அமெரிக்காவில் கண்டுபிடித்து, 2019-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியிட்டார்கள்.

ஒரு மருந்தின் அளவை இன்னொரு மருந்துக்குப் போடக் கூடாது. அதே ஃபென்பெண்டசோலை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோழியின் குடிநீரில் கொடுக்க அனுமதித்திருக்கும் அளவு, கிலோவுக்கு 1 மில்லி கிராம்தான். ஆனால், தினமும் ஒரு தடவையாக ஐந்து நாள் கொடுக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையைக் கோழிக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மாத்திரை 400 மில்லி கிராம். மேலே சொன்ன கணக்குப்படி அது 40 கிலோ கோழிக்கு உரிய மருந்து! கால் மாத்திரையைக் கிள்ளி ஒரு பெட்டைக்குப் போட்டாலும் ஆறு மடங்குக்கு மேல் ஆகிறது.

வாயில் ஊற்றும் முறை

மருந்துக் கடையில் ஒரு மில்லி லிட்டர் சிரிஞ்சு கிடைக்கும். அதில் 0.1, 0.2 என்று கோடு போட்டிருக்கும். ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாயை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தி சாய்ந்து கோழி அடைந்த பிறகு பிடித்தால், துரத்த வேண்டிய வேலை இல்லை. புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். அலகின் ஓரத்தில் குழாயை வைத்து, துளித் துளியாக விடுங்கள். கோழி விழுங்கிய பிறகே அடுத்த துளி. நாக்கின் அடியோரத்தில் மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது. அவசரப்பட்டு ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். மருந்து குடித்த கோழியின் காலில் நூல் கட்டிவிடுங்கள். ஒரே கோழிக்கு இரண்டு தடவை கொடுக்காமல் இருக்கலாம்.

தண்ணீரில் கலந்து வைப்பது சுலபம்தான். கூண்டுக் கோழிக்கு அது சரிப்படும். மேய்கிற கோழி சாக்கடையிலும் குடிக்கும், மாட்டுத் தொட்டியிலும் குடிக்கும். முரட்டுச் சேவல் முதலில் குடிக்கும். நோஞ்சான் குஞ்சு கடைசியில் வரும். புழு அதிகம் இருப்பது அந்த நோஞ்சானுக்குத்தான்!

வீட்டில் புறா இருந்தால் எச்சரிக்கை. அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் இரண்டும் புறாவுக்கு ஆகாது. கோழிக்கு வைத்த மருந்துத் தண்ணீரைப் புறா குடிக்க விடாதீர்கள். கருவுற்ற பெண்கள் இந்த மருந்துகளைக் கையாள வேண்டாம். வேறு யாராவது கொடுக்கட்டும்.

மருந்து கொடுத்த பிறகு, முட்டையையும் கறியையும் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். புட்டியில் பாருங்கள். டாக்டரையும் கேளுங்கள். அந்த நாட்களில் வரும் முட்டையைச் சந்தைக்கு அனுப்பக் கூடாது.

பப்பாளி விதை, பாக்கு, வேப்பிலை என்று பாட்டி வைத்தியம் பல உண்டு. பாக்கில் உள்ள சத்தை முன்பு நாய்களின் நாடாப்புழுவுக்கு மருந்தாகவே கொடுத்தார்கள். ஆனால், அளவு மிஞ்சினால் அதுவும் விஷம். ஒரு பாக்கில் அந்தச் சத்து எவ்வளவு என்று எந்தத் தராசு சொல்லும்? முருங்கைக் கீரையை மட்டும் தாராளமாகப் போடலாம். வைட்டமின் ஏ குறைந்த கோழியைத்தான் உருண்டைப் புழு எளிதில் பிடிக்கிறது.

மறுபடியும் எப்போது?

குஞ்சு பொரித்து எட்டு வாரம் ஆகும்போது, வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு ஊசி போட வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பு புழு மருந்து கொடுப்பது வழக்கம். புழு தின்ற உடம்பில் ஊசி சரியாகப் பலன் தராது.

குடல் சுவருக்குள் புதைந்திருக்கும் குட்டிப் புழுவுக்கு எல்லா மருந்தும் எட்டாது. மண்ணில் கிடக்கும் முட்டையை எந்தக் குடற்புழு மருந்தும் தொடாது. அதனால்தான் அந்த ஐந்து வாரக் கணக்கு தேவைப்படுகிறது. மிஞ்சிய புழு வளர்ந்து முட்டை இடும் முன்பே, டாக்டர் சொன்ன நாளில் இரண்டாவது தடவை கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் கழித்துச் சொல்வார்.

மருந்து கொடுத்த மறுநாளே கூட்டைச் சுரண்டி, எச்சத்தை எருக்குழியில் கொட்டி மூடுங்கள். பஞ்சாரத்தை வெயிலில் கவிழ்த்துப் போடுங்கள். புழு முட்டையின் ஓடு கெட்டியானது. பினாயிலுக்கு அசையாது. காய்ச்சலும் வெயிலும்தான் அதற்குப் பகை. மழைக் காலத்தில் கூட்டை மேட்டுக்கு மாற்றுங்கள். குஞ்சுகளைப் பெரிய கோழிகள் மேய்ந்த இடத்தில் விடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

கொடுத்த தேதி, மருந்தின் பெயர், சதவீதம், கோழிகளின் எடை எல்லாவற்றையும் சுவரில் தொங்கும் காலண்டரில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை குஞ்சுகள் முக்கால் கிலோ ஆகி இருக்கும். பழைய 0.2 மில்லி லிட்டர் அப்போது போதாது. மறுபடியும் மஞ்சள் பையையும் தராசையும் எடுக்க வேண்டியதுதான்.